பவர் சா கயிறு மாற்ற 3,850 ரூபாய்: மலையிலிருந்து மெஷினைக் கீழே ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர்கள் படியுங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், "போகட்டும், விடு" என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொள்வேன். அதனால் காலையில் காபி போடுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

3,850 ரூபாய். பவர் சா, அதாவது பெட்ரோலில் ஓடுகிற மரம் அறுக்கும் மெஷின், அதை ஸ்டார்ட் பண்ண இழுக்கிற ஒரு மீட்டர் நைலான் கயிற்றை மாற்ற வேண்டிய வேலைக்கு என்னிடம் வாங்கிய பணம் இது. கடைப் பெயரைப் போடலாம் என்றுதான் இருந்தேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடிவாரத்து ஊர் ஒன்றில், பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய தெருவில் இருக்கும் விவசாயக் கருவிகள் விற்பனை, சர்வீஸ் கடை. இவ்வளவு போதும். பதிவின் கடைசியில் இந்தக் கயிற்றை வீட்டிலேயே எப்படி மாற்றுவது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

எங்களுக்குத் தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் காபி. ஊடே மலைவாழை, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. இந்தப் பக்கத்தில் எல்லார் தோட்டமும் இப்படித்தான் இருக்கும். ஆடிக் காற்று இந்த வருஷம் ஒரு வாரம் விடாமல் அடித்ததில் பெரிய சில்வர் ஓக் ஒன்று வேரோடு சாய்ந்துவிட்டது. அதில் ஏறியிருந்த மிளகு பதினைந்து வருஷத்துக் கொடி. மரம் விழுந்த இடத்தில் பதினோரு காபிச் செடிகள் முறிந்து கிடந்தன. தோட்டத்துக்குள் போகிற ஒரே பாதையும் அடைபட்டுப் போனது. (விழுந்த மரம்தான். நின்ற மரத்தில் நாங்கள் கை வைக்கவில்லை. அதையும் போட்டோ எடுத்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டுத்தான் அறுக்க ஆரம்பித்தோம்.)

பவர் சா எங்களிடமே இருக்கிறது. அப்பா 2016-ல் வாங்கியது. அவர் போன பிறகும் தம்பி அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒழுங்காகத்தான் வைத்திருந்தான். பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்காமல் ஒரு நாளும் ஊற்றியதில்லை. கயிறு மட்டும் பழைய கயிறு. கவரில் அது வெளியே வருகிற ஓட்டை இருக்கிறதே, அந்த இடத்தில் உரசி உரசி நூல் பிரிந்து பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தம்பி மெஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் காலை நுழைத்து மிதித்துக்கொண்டு ஓங்கி இழுத்தான். கைப்பிடி அவன் கையோடு வந்துவிட்டது. மிச்சக் கயிறு சர்ரென்று உள்ளே போய்விட்டது. (கவருக்குள் இந்தக் கயிறு கப்பி என்கிற சின்னச் சக்கரத்தில் சுற்றியிருக்கும். இழுத்த கயிற்றைத் திரும்ப உள்ளே சுற்றுவது அதன் அடியில் இருக்கிற ஸ்பிரிங்.)

பாதை அடைபட்டுக் கிடக்கிறது, தம்பிக்கு மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். சரி என்று நானே மெஷினை உரச்சாக்கில் சுற்றி, பெரும்பாறை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

அந்தக் கடைக்காரரை நான் ஏன் நம்பினேன் என்பதை எழுதியே ஆக வேண்டும். அங்கேதான் விழுந்தேன். உள்ளே போனதும், "வாங்கக்கா, மேலேருந்தா வர்றீங்க? உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். மெஷினைப் பார்த்ததும், "இது யார் வச்சிருந்தது? நல்லா வச்சிருக்காங்களே" என்றார். அப்பா என்று சொன்னேன். "அப்பா கை பட்ட பொருளா? அப்ப நானே பிரிக்கிறேன், பையன்கிட்ட குடுக்க மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் நான் சந்தேகப்படவே இல்லை.

மெஷினை உள் அறைக்கு எடுத்துப் போனார். பத்து நிமிஷத்தில் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கறுத்துப்போன தகட்டுச் சுருள் ஒன்று, இரண்டு துண்டாக. "கயிறு மட்டும் இல்லக்கா, ஸ்பிரிங்கும் போச்சு. இதுதான் உங்க ஸ்பிரிங். கப்பியும் தேஞ்சிருக்கு. கயிறு மட்டும் போட்டா நாலு நாள் நிக்காது. ஸ்டார்ட்டர் செட்டையே மாத்திடலாம், கம்பெனி ஐட்டம்" என்றார். உடைந்த ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்த பிறகு நான் என்ன கேட்பேன்?

மூன்று நாள் கழித்து மறுபடியும் பஸ் ஏறிப் போனேன். வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஸ்டார்ட்டர் செட் 2,400, ஸ்பிரிங் 650, வேலைக்கூலி 800. மொத்தம் 3,850. கடைப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. கேட்டதற்கு, "பில்லு போட்டா வரியும் சேரும்க்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்றார். எனக்கு நல்லது செய்கிறார் என்று அதையும் நம்பினேன். ஸ்டார்ட்டர் கவர் மட்டும் மற்ற பாகத்தைவிட வெளிர் ஆரஞ்சில் பளபளவென்று இருந்தது. புது பார்ட் அப்படித்தான் இருக்கும் என்றார். என் எதிரிலேயே இழுத்தார், இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பழைய கவரைக் கேட்டேன். "அதெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சுக்கா." 3,850 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலாவது நாள். அடிமரத்தில் பாதிகூட அறுத்து முடியவில்லை. டீ குடித்துவிட்டு வந்து தம்பி இழுத்தான். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். கயிறு முழுசாக வெளியே தொங்குகிறது, உள்ளே போகவில்லை. கப்பியைக் கையால் சுற்றினால் பிடிமானமே இல்லாமல் சுற்றுகிறது.

அன்றைக்கே போன் பண்ணினேன். "கொண்டாங்கக்கா, பாத்துடலாம்." மறுநாள் பஸ் ஏறப் போகும்போது அவரே கூப்பிட்டு, பையன் கல்யாணத்துக்குப் போயிருக்கான், திங்கட்கிழமை வாங்க என்றார். திங்கட்கிழமை போனில், பார்ட் மதுரையிலிருந்து வரணும். புதன்கிழமை, கடை லீவு. வெள்ளிக்கிழமை, போனையே எடுக்கவில்லை. தம்பி போனிலிருந்து கூப்பிட்டேன், எடுத்தார். என் குரல் கேட்டதும், "நீங்க இழுக்கத் தெரியாம இழுத்திருப்பீங்க மேடம்" என்றார். மேடம்! டீ வாங்கிக் கொடுத்தபோது அக்கா, பணத்தைக் கேட்டபோது மேடம். "ஸ்பிரிங்குக்கெல்லாம் கேரண்டி கிடையாது மேடம், எழுதியா குடுத்தேன்?" எழுதித் தரவில்லைதான். எழுதித் தராததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது.

இதற்கு நடுவில் பாதையைத் திறக்க, மெஷினும் ஆளுமாக வெளியே பேசி ஒரு நாளைக்கு 1,500 கொடுத்தேன். அந்தக் கணக்கு தனி.

எங்கள் ஊரில் மரம் வெட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபது வருஷமாகப் பவர் சா பிடிக்கிறவர். அவரிடம் முதலிலேயே போயிருக்க வேண்டும். அவர் அன்று தோட்டத்துப் பக்கம் வேலையாகப் போயிருந்தார், நான் காத்திருக்காமல் பஸ் ஏறிவிட்டேன். அவரிடம் காட்டியதும், மெஷினோடு வருகிற சாவியிலேயே நாலு ஸ்குரூவைக் கழற்றி, கவரைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பாப்பா, இது கம்பெனி சாமானே இல்ல, டூப்ளிகேட்டு" என்றார். அப்புறம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "செட்டுன்னாலே கவர், கப்பி, ஸ்பிரிங், கயிறு எல்லாம் சேந்து வர்றதுதானே. அதுக்கு மேல ஸ்பிரிங்குக்குத் தனியா 650 எதுக்கு?"

அந்தக் காகிதம் பத்து நாளாக என் பர்ஸில் இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

ஸ்பிரிங் ஏன் நாலே நாளில் உடைந்தது என்றும் சொன்னார். கயிற்றைக் கப்பியில் சுற்றிய பிறகு, ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் முறுக்கு ஏற்றுவார்கள். அப்போதுதான் கைப்பிடி தொங்காமல் கவரோடு ஒட்டி நிற்கும். ஆனால் கயிற்றைக் கடைசிவரை இழுத்துப் பிடித்த பிறகும் கப்பி இன்னும் அரைச் சுற்றாவது சுற்ற இடம் இருக்க வேண்டும். முறுக்கு அதிகமாகிவிட்டால், கயிறு முடிவதற்கு முன்னாலேயே ஸ்பிரிங் முடிந்துவிடும். பலமாக ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உடைந்துவிடும். கடையில் அதுதான் நடந்திருக்கிறது. இழுக்கத் தெரியாமல் இழுத்தேன் என்று என்னிடம் சொன்னார்களே!

நேற்று அந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். கடைக்காரர் போனில் பேசுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் மணி நேரம் நின்றோம். நின்ற இடத்தில், அலமாரியின் மேல் தட்டில் பழைய கவர்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது கவரில் வெள்ளைப் பெயிண்டில் "ப" என்று எழுதியிருந்தது. அப்பா எழுத்து. எங்கள் வீட்டு மண்வெட்டி, ஏணி, மருந்து டேங்க் எல்லாவற்றிலும் அந்த "ப" இருக்கும். கால் கொஞ்சம் வளைந்து, கடைசியில் பெயிண்ட் ஒழுகி ஒரு பொட்டு நிற்கும்.

"இது எங்க கவர்" என்றேன். "அது வேற மெஷின்து மேடம்." எழுத்தைக் காட்டினேன். "எல்லாரும்தான் பெயிண்ட் அடிக்கிறாங்க." பழைய இரும்புக்குப் போட்டதாகச் சொன்னது என்ன ஆச்சு என்று அண்ணன் கேட்டார். பதில் இல்லை. 3,850 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பேச்சு ஏற ஏறக் கடையில் வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "வேணும்னா ஐநூறு குடுத்துட்டு அதை எடுத்துட்டுப் போங்க."

எங்கள் அப்பா பெயிண்ட் அடித்த கவரை எங்களுக்கே 500 ரூபாய்க்கு விற்கிறார். அண்ணன் வேண்டாம் என்றார். நான் கொடுத்தேன். விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. ஆக 3,850-ம் 500-ம் சேர்ந்து 4,350.

சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் கவரை அண்ணன் பிரித்தார். கப்பியில் அறுந்த கயிற்றின் மிச்சம் அப்படியே சுற்றியிருந்தது. எடுத்தால் விரல் எல்லாம் கறுப்பு. கப்பியை மெதுவாகத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்பிரிங் முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. அப்படியானால் உள்ளங்கையில் வைத்துக் காட்டியது யாருடைய ஸ்பிரிங்?

பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறொரு கடையில் 60 ரூபாய்க்கு வாங்கி வந்த கயிறு, பழையதன் கனத்திலேயே, மூன்றரை மில்லி. நுனியை லைட்டரில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் விரலால் உருட்டிக் கூராக்கினார். கவரின் ஓட்டை வழியாக விட்டு, கப்பியின் துளையில் கோத்து முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பள்ளத்துக்குள் அமுக்கினார். வெளி நுனியில் கைப்பிடியைக் கட்டி, சுற்றி, முறுக்கேற்றி, முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு கப்பி இன்னும் அரைச் சுற்றுப் போகிறதா என்று பார்த்துவிட்டு, நாலு ஸ்குரூவையும் போட்டார். இருபது நிமிஷம். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

படிப்படியாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அண்ணன் செய்ததாக மேலே எழுதியிருப்பதுதான் முறை. அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும். கப்பியை வேகமாகப் பிடுங்காதீர்கள், அடியில் இருக்கிற ஸ்பிரிங் பிரிந்து முகத்தில் அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கொடிக் கயிறு, கனமான கயிறு எதையும் போடாதீர்கள், பழைய கயிற்றின் துண்டைக் கொண்டுபோய் அதே கனத்தில் வாங்குங்கள். முறுக்கு எத்தனை சுற்று என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அரைச் சுற்று மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். கடைக்குக் கொடுத்தால் உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பழைய பார்ட்டைக் கையோடு வாங்குங்கள். முறையான பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை கூப்பிடப் போகிறேன். திண்டுக்கல் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருள், சேவைக்குக் கட்டணம் இல்லாமலே புகார் கொடுக்கலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். கையில் இருப்பது அந்த வெள்ளைக் காகிதம், டூப்ளிகேட் கவர், கூட வந்த அண்ணனின் சாட்சி. இதே கடையில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து கொடுப்போம். அந்த அலமாரியில் இன்னும் ஐந்தாறு கவர்கள் இருந்தன.