வேலிக்குப் பெருங்களா, வாய்க்குச் சிறுகளா

நாற்றுப்பண்ணையில் வெறுமனே ‘களாச்செடி’ என்று கேட்டால் சிறுகளா, பெருங்களா இரண்டில் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் முள் உண்டு, ஒடித்தால் பால் வடியும். இலையைப் பாருங்கள். சிறுகளா இலை ஓரங்குல அளவில் நுனி கூர்ந்திருக்கும். பெருங்களா இலை பெரும்பாலும் இரண்டு அங்குலம், நுனி மழுங்கல். பெரிய வெள்ளைப் பூவோடு தொட்டியில் விற்பது இரண்டுமல்ல, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் களா.

வேலிக்குப் பெருங்களாதான். விட்டால் பத்தடி ஏறும். இரண்டரை அடிக்கு ஒன்றாக நட்டு, முதல் இரண்டு ஆண்டு நுனி கிள்ளிவந்தால் அடியிலிருந்தே அடர்ந்துவரும். பலர் கோட்டைவிடுவது கவாத்தில்: பூங்கொத்து கிளை நுனியில் வருவதால், பூக்கும் முன் தை மாதத்தில் வெட்டினால் அந்த ஆண்டுக் காய் போயிற்று. காய்ப்பு ஓய்ந்ததும் வெட்டுங்கள். சிறுகளா கரட்டிலும் கல்லுத் தரையிலும் தானாக வளர்வது; மெதுவாகத்தான் அடர்த்தியாகும். ஆனால் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத மேட்டுக்காட்டுக்கு அதைவிட நல்லது கிடையாது. தண்ணீர் தேங்கினால் இரண்டுமே வேரழுகிச் சாகும்.

விதையைச் சேமித்து வைத்தால் முளைப்பு வெகுவாகக் குறையும். பழுத்த பழத்தைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, சில நாளிலேயே அரையங்குல ஆழத்துக்குள் போட்டுவிடுங்கள். வெட்டுக்குச்சி வேர்விடுவது அபூர்வம். பந்த் மனோகர், பந்த் சுதர்சன் போன்ற பெருங்களா ரகங்களுக்கு மழைக்காலத்தில் விண்பதியம் (கிளை மரத்தில் இருக்கும்போதே வேர்விடச் செய்து பிரிப்பது) போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். விதை நாற்றில் தாயின் குணம் அப்படியே வராது.

ஊறுகாய்க்குச் சிறுகளா வீண்வேலை, கொட்டையை எடுத்தால் சதையே மிஞ்சாது. பெருங்களாவைக் கெட்டிக்காயாகப் பறித்து, கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாகப் பிளந்து, விதை நீக்கி, அரை மணி நேரம் உப்புநீரில் போட்டால் பால் கழியும். கிலோவுக்கு 150 கிராம் உப்பு. பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடிதான். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும்.

ஜெல்லிக்கும் பெருங்களாவே. முழுக்கப் பழுத்ததை மட்டும் போட்டால் இறுகாமல் பாகாகவே நின்றுவிடும். பாதி சிவந்த காயும் சேர வேண்டும், இறுக வைக்கும் பெக்டின் அதில்தான் அதிகம்.

பறித்து அப்படியே தின்ன என்றால் பேச்சே இல்லை, சிறுகளா. பெருங்களா கறுத்த பிறகும் பல்லைக் கூசவைக்கும். சிறுகளாவையும் நன்றாகக் கறுத்து, தொட்டதும் உதிரும்போது பறியுங்கள். சிவப்பில் பறித்தால் பால் உதட்டில் பிசின்போல ஒட்டும்.