கிரானைட் குவாரிக்கு டயமண்ட் ஒயர் சா: 14 மாதம் ஓட்டிய பிறகு

கிருஷ்ணகிரி பக்கம் பாரடைசோ என்ற கிரானைட் ரகம் எடுக்கும் குவாரியில் மெஷின் பொறுப்பு என்னுடையது. 60 எச்.பி. ஒயர் சா, அதாவது வைரமணி கோத்த ஒயரால் கல்லை அறுக்கும் மெஷின், வாங்கி 14 மாதம் ஆகிறது. பக்கத்துக் குவாரிக்காரர்கள் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

முன்பெல்லாம் ஜாக் ஹேமரில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு அடித்தோ கருமருந்து வைத்தோ கல்லைப் பிரிப்போம். பார்க்க நன்றாக இருக்கும் பிளாக்கில் கூட வெடி அதிர்ச்சியில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும், வாங்க வந்தவர் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கிளம்பிவிடுவார். ஒயர் சாவில் அந்த வேதனை இல்லை. மேலிருந்து ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு துளை, இரண்டும் உள்ளே சந்திக்க வேண்டும் (சந்திக்கவில்லை என்றால் அன்றைய வேலை போச்சு). அதன் வழியாக ஒயரைக் கோத்து, இரண்டு முனையையும் காப்பர் இணைப்பில் வைத்து பிரஸ்ஸில் நசுக்கி வளையமாக்கிவிட்டால், மெஷின் அதைச் சுழற்றிக்கொண்டே தண்டவாளத்தில் பின்னால் நகர்ந்து நகர்ந்து அறுக்கும். வெட்டிய முகம் சுவர் மாதிரி நிற்கும். 3 மீட்டர் நீளம், 1.8 அகலம், 1.8 உயரம் என்றால் சுமார் 26 டன், அதை ஹிட்டாச்சி வைத்துச் சாய்க்கும்போது ஒரு கீறல் இல்லாமல் வருவதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

தூசியும் பெருமளவு குறைந்துவிட்டது. வெட்டும் இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் கல்மாவு சேறாக இறங்கிவிடுகிறது. என் பெரியப்பா இருபது வருஷம் தண்ணீர் விடாமல் துளை போட்டு, கடைசியில் மூச்சு விட முடியாமல் கிடந்தவர். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால் கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்க வேண்டும், சேற்றுத் தண்ணீரைத் தெளிய வைத்துத் திரும்ப எடுக்க ஒரு குழியும் வெட்டிக்கொள்ளுங்கள்.

செலவு முழுக்க ஒயரில்தான். ஸ்டீல் கயிற்றில் வைரத்துகள் பதித்த மணிகள், மீட்டருக்கு 40 வரை இருக்கும். இரண்டு முனையையும் சேர்க்கும் முன் ஒயரை மீட்டருக்கு ஒன்றரைச் சுற்று முறுக்க வேண்டும், இதை மெஷின் கொடுக்க வந்தவர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. முதல் ஒயரில் மணிகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவம் ஆகி, பாதி ஆயுளில் தூக்கிப் போட்டோம். தேய்ந்த ஒயர் போட்ட வெட்டில் புது ஒயரை விட்டால் சிக்கிக்கொள்ளும், அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

எனக்குப் பெரிய கோபம் பாதுகாப்புத் தடுப்பு விஷயத்தில். மெஷினோடு வந்தது மெல்லிய தகடு. மூன்றாவது மாதம் இணைப்பு விட்டு ஒயர் அறுந்தபோது ஒரு வைரமணி தோட்டா மாதிரி பறந்து அந்தத் தகட்டைத் துளைத்துவிட்டது. பையன் பக்கவாட்டில் நின்றதால் தப்பினான். போன் செய்தால் மெக்கானிக் வர 11 நாள். அதற்குள் நாங்களே பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி இரண்டு அடுக்காகத் தொங்கவிட்டோம், இன்றுவரை அதுதான் காக்கிறது.

வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள், வெட்டுக்கு முழு மதிப்பெண். விலை பேசும்போதே கண்ட்ரோல் பேனலுக்கு 20 மீட்டர் கேபிள் கேளுங்கள், எங்களுக்குக் கொடுத்தது 8 மீட்டர்தான். ஓட்டுகிறவர் ஒயர் ஓடும் நேர்கோட்டுக்கு வெளியே தள்ளி நிற்க அது போதாது.