சீனாவுல குய்லின் விமான நிலையத்துலேர்ந்து போக வண்டி புக் பண்ணப் போறீங்களா? 680 யுவான் இழந்தவள் சொல்றேன், கேளுங்க

முந்தாநாள் ராத்திரி நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கல.

20 யுவான் நோட்டுக்குப் பின்னாடி லீ ஆறும் மலையும் அச்சடிச்சிருக்கும். சிங்பிங்ல இருக்கிற அந்த இடத்தை நேரில் பார்க்கணும்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. 2023 டிசம்பர்லேர்ந்து நம்ம மலேசியக் கடப்பிதழுக்கு சீனா விசா கேட்கிறதில்ல. சரின்னு கிளம்பிட்டோம்.

குய்லின் லியாங்ஜியாங் விமான நிலையம் ஊருக்கு வெளியே 28 கிலோமீட்டர். நாங்க தங்க வேண்டிய யாங்ஷுவோ, சிங்பிங் பக்கத்து ஊர், விமான நிலையத்துலேர்ந்து ஒன்றரை மணி நேரம். இறங்கறதோ நடுராத்திரி, அம்மாவுக்கோ முழங்கால் வலி. அதனால ஒரு பயணச் செயலியில வேன் புக் பண்ணி 680 யுவானையும் முன்னாடியே கட்டினேன். நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 400 ரிங்கிட்.

கோலாலம்பூர்ல விமானம் ஏற வரிசையில நிக்கிறப்போ டிரைவர்கிட்டேர்ந்து வீசாட்ங்கிற சீன அரட்டைச் செயலியில செய்தி. "அம்மாவுக்கு முழங்கால் வலின்னு எழுதியிருந்தீங்க. முன் சீட்டை ஒதுக்கி வெச்சிருக்கேன், குடிக்க வெந்நீரும் இருக்கு." அதைப் படிச்சுக் காட்டினதும் அம்மா முகமே மலர்ந்துடுச்சு. அடுத்த செய்தி: "செயலியில 'பயணம் உறுதி'ங்கிற பொத்தானை இப்பவே அழுத்திடுங்க, இல்லன்னா கம்பெனி என் வண்டியை வேற ஆளுக்கு மாத்திடும்." முழங்காலைப் பத்தி விசாரிச்ச மனுஷன் ஏமாத்துவானான்னு நெனச்சு அழுத்திட்டேன்.

ராத்திரி 11:40க்கு வெளியே வந்தோம். பேர் அட்டை பிடிச்சுக்கிட்டு யாரும் நிக்கல. செய்தி அனுப்பினா பதில் இல்ல. தகவல் மேசையில இருந்த பொண்ணு, பாவம், அவளே தன் போன்லேர்ந்து மூணு தடவை கூப்பிட்டுப் பார்த்தா. ஸ்விட்ச் ஆஃப். விமான நிலையத்து மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அம்மா பெட்டி மேலயே உட்கார்ந்துட்டாங்க.

செயலியோட வாடிக்கையாளர் சேவையில கேட்டேன். "டிரைவர் வந்ததற்கு ஆதாரம் உள்ளது, பயணியும் பயணத்தை உறுதி செய்துள்ளார். பணம் திருப்பித் தர இயலாது." என்ன ஆதாரம்னு கேட்டா ஒரு படம் அனுப்பினாங்க: விமான நிலையக் கண்ணாடிக் கதவு, அதுக்கு முன்னாடி ஒரு வேன். தரையில வேனோட நிழல், கண்ணாடியில பளீர்னு வெயில்! நடுராத்திரியில ஏதுங்க வெயில்? அதை வட்டம் போட்டு அனுப்பினேன். அதே வாக்கியம் திரும்ப வந்துச்சு. வேற ஆள் வேணும்னேன். பேர் மாறுச்சு, வாக்கியம் மாறல. நேத்து "7 வேலை நாள் பொறுங்கள்"னாங்க. இன்னைக்குக் காலையில புகாரையே மூடிட்டாங்க. 680 யுவான்!

கடைசியில டாக்சி வரிசையில நின்னு மீட்டர் போட்டு குய்லின் ஊருக்குள்ள போய்த் தங்கினோம். அதுக்குத் தனிச் செலவு. யாங்ஷுவோ அறை வாடகையும் வீண்.

போறவங்களுக்கு: வண்டியில ஏறி உட்காராம எந்தப் பொத்தானையும் அழுத்தாதீங்க. டிரைவரோட பேச்சைச் செயலிக்குள்ளயே வெச்சுக்குங்க, வீசாட்டுக்குக் கூப்பிட்டா போகாதீங்க. முடிஞ்சா பகல்ல இறங்குங்க, ஊருக்குள்ள போக விமான நிலைய பஸ் இருக்கு, 20 யுவான்தான். மிச்சத்தை அப்புறம் எழுதறேன், அந்தப் படத்தைத் திரும்பவும் அவங்களுக்கு அனுப்பணும்.