25 சதவீத இலவச இடம்: நீலகிரியில் எவ்வளவு கைகொடுக்கிறது?

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை இலவசமாகத் தரும் சேவைக்கு, மலையில் இருக்கும் பெற்றோர் கணக்கில் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போடலாம். விண்ணப்பத்துக்கு மட்டும் என்றால் நாலரை. மீதியைக் குறைப்பது தூரமும் பள்ளிப் பட்டியலும்தான். அதனால் சான்றிதழுக்கு அலையும் முன் அந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கே விண்ணப்பிக்க முடியும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் டவுனுக்குள் குடியிருந்தால் ஒன்றிரண்டு பள்ளிகளாவது தேறும். எஸ்டேட் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றுகூடக் கிடைக்காது. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் பள்ளிக்குப் பள்ளம் இறங்கி ஏறிப் போகவேண்டும், ரோட்டு வழியில் போனால் ஐந்தாறு கொண்டை ஊசி வளைவு. சமவெளியை நினைத்து எழுதிய விதி இது.

அடுத்தது பட்டியல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்துவிட்டது. மலையில் பேர்பெற்ற பழைய கான்வென்ட்டுகள் பல அந்த வகை. 'எங்கள் தெருமுனையிலேயே பெரிய பள்ளி இருக்கிறதே' என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். எந்தப் பள்ளியில் எத்தனை இடம் என்பதை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

இந்த இரண்டும் சாதகமாக இருந்தால் மற்றது சுலபம். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-இல் 3 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் வகுப்புக்கு 5 வயது. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் இருப்பவர்கள் நலிவடைந்த பிரிவு. அவர்களுக்கு வருமானச் சான்று வேண்டும். பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் போன்ற வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருபவர்களுக்குச் சாதிச் சான்று. ஆதரவற்ற குழந்தை, மாற்றுத்திறனாளிக் குழந்தை, துப்புரவுத் தொழிலாளர் குழந்தை போன்றோருக்குக் குலுக்கலுக்கு முன்பே இடம் ஒதுக்குவார்கள். மற்றவர்களுக்கு, இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. பள்ளியில் யாராவது 'ஃபார்ம் காசு' கேட்டால் கொடுக்காதீர்கள்.

சிக்கல் வருவதெல்லாம் சான்றிதழில். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாயில் பதிந்துவிடலாம். பழங்குடியினர் சான்று அப்படி அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்துப் போடவேண்டியது, விசாரணை உண்டு. இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் ஏப்ரலில் தொடங்கினால் நேரத்துக்குக் கைக்கு வராது. பொங்கல் முடிந்ததும் மனு கொடுத்துவிட வேண்டும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இன்னொன்று. பிரசவம் கேரளத்தின் சுல்தான் பத்தேரியில் நடந்திருந்தால் பிறப்புச் சான்றும் அங்கேதான். அதில் குழந்தையின் பெயர் ஏறாமல் இருந்தால் முன்பே சேர்த்துவிடுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பிறப்புச் சான்றில் வேறு இனிஷியல் என்றால் அதையும் முன்பே சரிசெய்யுங்கள். லைன் வீடு கம்பெனி பெயரில் இருப்பதால் கரண்ட் பில் முகவரிச் சான்றாக உதவாது. ரேஷன் கார்டில் இப்போதைய முகவரி இருக்கட்டும்.

வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி விண்ணப்பம் திறப்பார்கள். 2025-இல் மத்திய அரசின் நிதி வராமல் இழுபறியாகி, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. இதை நம்பி அரசுப் பள்ளியில் பெயர் கொடுக்காமல் வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

இடம் கிடைத்தாலும் எல்லாமே இலவசம் என்று எண்ண வேண்டாம். வேன் கட்டணம் நம் தலையில்தான். மழைக்காலத்தில் வேன் இல்லாமல் சின்னப் பிள்ளையை அனுப்ப முடியாது என்பதால் அது சின்னச் செலவல்ல. அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு, மதிய உணவு, சீருடை, புத்தகம், மலைப்பகுதிக்கென ஸ்வெட்டர் எல்லாம் உண்டு. இரண்டையும் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தால், தொடக்க வகுப்புகளுக்கு அதையே தேர்ந்தெடுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

இலவசம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பதில் முழுக் கட்டணம். பலர் கடன் வாங்கி அங்கேயே தொடர்கிறார்கள், அது அவசியமில்லை. ஒதுக்கீட்டில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். அதற்கு, ஒதுக்கீட்டில் படித்ததைத் தனியார் பள்ளி எழுத்தில் தரவேண்டும். எட்டு முடித்து டி.சி. வாங்கும் அன்றே அதையும் கேட்டு வாங்கி வையுங்கள்.