இழுவை லாரியை நம்பி 2,840 வெள்ளி போச்சு: காரை ஏற்றும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள்

திங்கட்கிழமை நடந்தது. நாலு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. காரை லாரியில் ஏற்றி அனுப்பும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் கார்நிறுத்தத்தில் கார் நின்றுவிட்டது. வாட்டர் பம்ப் ஒழுகுகிறது, ஓட்டவே ஓட்டாதீர்கள் என்று காக்கி புக்கிட் மெக்கானிக் சொல்லிவிட்டார். அப்பாவை வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் கார் அது. அவசரத்தில், ஆளாளுக்கு விளம்பரம் போடும் ஒரு செயலியில் தேடி, 160 வெள்ளிக்கு வருகிறேன் என்ற ஒருவரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் தமிழர். அங்கேதான் நான் விழுந்தேன். "அண்ணே, பத்து வருஷமா இதுதான் வேலை. நீங்க மேல போய் அப்பாவப் பாருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா! 160 வெள்ளியையும் பேநவ் என்ற பணமாற்றுச் சேவையில் அப்போதே அனுப்பிவிட்டேன். அப்பா டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து படுத்திருந்தார், நானும் லிஃப்ட் ஏறிவிட்டேன்.

போகும் முன் மெக்கானிக்குக் காட்ட ஒரு படம் எடுத்தேன். இப்போது அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் வயிறு எரிகிறது. காரை லாரியோடு கட்ட, பின்பக்கம் ஒரே ஒரு மஞ்சள் பட்டை. ஓரம் பிய்ந்து நூல் தொங்குகிறது. எவ்வளவு எடை தாங்கும் என்று அச்சிட்ட சீட்டு அதில் இல்லை. மிச்ச நுனியை ராஃபியா கயிற்றால் முடிந்து வைத்திருக்கிறார்.

லெண்டோர் அவென்யூவில் அவர் பிரேக் அடித்ததும் கார் முன்னால் பாய்ந்து, காரைக் கம்பியால் லாரிமேல் இழுத்தேற்றும் வின்ச் கருவியின் சட்டத்தில் மோதியிருக்கிறது. மெக்கானிக்தான் விளக்கினார். வின்ச் கம்பி காரைப் பின்னால் உருளாமல்தான் பிடிக்கும், முன்னால் பாய்ந்தால் பிடிக்க வேண்டியது பின்பட்டை. இவர் அதன் கொக்கியை டயரில் கட்டாமல் பாடிக்கு அடியில் ஓர் ஓட்டையில் மாட்டியிருக்கிறார். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, பட்டை தளர்ந்து, கொக்கி கழன்றுவிட்டது. டயரைச் சுற்றிக் கட்டியிருந்தால் மேலே பாடி எப்படி ஆடினாலும் பட்டை தளராது. இறக்கும்போது கியர் நியூட்ரலில் இருந்ததாம், ஹேண்ட்பிரேக்கும் போடவில்லையாம்.

பம்பர், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் எல்லாம் சேர்த்து 2,680 வெள்ளி. லாரிக்கூலியோடு 2,840 வெள்ளி. வாட்டர் பம்ப் செலவு தனி.

டிரைவரைக் கேட்டால், "அது பழைய அடிண்ணே" என்கிறார். என் படத்தில் பம்பர் முழுசாக இருக்கிறதே! அதை அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதிலே இல்லை. விளம்பரத்தில் இருந்த இன்னொரு எண்ணில் ஒரு பெண், அவர் எங்கள் ஆள் இல்லை, சப்கான்டிராக்ட் என்று வைத்துவிட்டார். செயலிக்காரர்கள், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். புதன்கிழமை விளம்பரம் காணாமல் போனது. நேற்று அதே லாரிப் படத்தோடு வேறு பெயரில் வந்திருக்கிறது.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. நான்கு டயருக்கும் தனித்தனிப் பட்டை கேளுங்கள். கியர் பார்க்கில், ஹேண்ட்பிரேக் போட்டபடி இருக்க வேண்டும். வின்ச் கம்பி ஏற்றுவதற்குத்தான், கட்டி வைப்பதற்கு இல்லை. கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ஏற்றும் முன் நான்கு பக்கமும் படம், லாரி எண்ணையும் சேர்த்து. முக்கியமாக, கண்டவரைக் கூப்பிடாமல் முதலில் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அடியுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், போகத்தான் போகிறேன். ஆனால் என் படத்தில் லாரி எண் பாதிதான் தெரிகிறது. ஈசூன் பக்கம், மஞ்சள் பட்டையை ராஃபியா கயிற்றால் முடிந்த லாரியைப் பார்த்தால் முழு எண்ணைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். 2,840 வெள்ளி! இன்று காலையும் அப்பாவை டாக்சியில்தான் கூட்டிப்போனேன்.