3060 8ஜிபி கார்டு வாங்கும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டில் 8ஜிபி மெமரி உள்ள கார்டு வாங்க நினைத்தால், விற்பவரிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "12ஜிபி கார்டுக்கும் இதற்கும் வேகத்தில் வித்தியாசம் உண்டா?" பதிலாக "மெமரி அளவு மட்டும்தான் சார் வேற, மத்ததெல்லாம் அதே கார்டு" என்று வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். எனக்கு வந்த பதில் அதுதான். நான் நம்பிவிட்டேன்.

பழைய கார்டு உயிரை விட்டபோது என் முன் இருந்தவை இரண்டு: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. இரண்டும் 2021-இல் வந்தவை, 1080பி-யில் விளையாடும் என்னைப் போன்றவர்களுக்கு அளவெடுத்துச் செய்தவை. ஒரு வாரம் முழுக்க ஒப்பீட்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். பல விளையாட்டுகளில் 3060 கொஞ்சம் முந்துகிறது, சிலவற்றில் 6600 முந்துகிறது. ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் காட்டும் ரே டிரேசிங் போட்டால் 3060-க்குத் தெளிவான வெற்றி. மின்சாரச் செலவில் 6600 கெட்டிக்காரன்: அது 132 வாட், 3060-க்கு 170. சரி, ரே டிரேசிங் ஆசையில் 3060 என்று முடிவு செய்தேன். நான் பார்த்த வீடியோ அத்தனையிலும் இருந்தது 12ஜிபி கார்டு என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

நான் போன இணையக் கடையில் 12ஜிபி இருப்பு இல்லை, 8ஜிபி இருந்தது. அந்தப் பக்கத்திலேயே 3060-ஐயும் 6600-ஐயும் ஒப்பிடும் ஒரு பார் சார்ட் போட்டிருந்தார்கள். 3060-இன் பட்டை 6600-ஐப் போல இரண்டு மடங்கு நீளம். நான் பார்த்த எந்த வீடியோவிலும் அப்படி ஒரு இடைவெளி இல்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் சாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டேன், மேலே சொன்ன பதில் வந்தது, பணத்தைக் கட்டினேன்.

கார்டு வந்தது, மாட்டினேன், ஓடியது. ஆனால் வீடியோக்களில் பார்த்த எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) வரவே இல்லை. நண்பனிடம் 6600 இருக்கிறது, பிராசசரும் என்னுடையதேதான். ஒரே விளையாட்டு, ஒரே செட்டிங், ஒரே காட்சி என்று இருவரும் ஓட்டிப் பார்த்தோம். அவன் கார்டை என்னுடையது முந்தவில்லை, பல இடங்களில் பின்னால் போனது. நான் கார்டைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். விண்டோஸையே புதிதாகப் போட்டேன். ராம் குச்சிகளை இடம் மாற்றினேன். பவர் சப்ளை மேல்கூடப் பழி போட்டேன். இப்படியே இரண்டு வாரம் போயிற்று. கார்டைத் திருப்பித் தருவதற்கான கெடு அதற்குள் முடிந்துவிட்டது.

கடைசியில் நண்பன்தான் போனில் கேட்டான்: "டேய், ஜிபியு-இசட் திறந்து பஸ் விட்த் எவ்வளவுன்னு பாரு." ஜிபியு-இசட் என்பது கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்; பஸ் விட்த் என்பது மெமரிக்கும் கார்டின் முதன்மை சிப்பான ஜிபியுவுக்கும் இடையே உள்ள பாதையின் அகலம். பார்த்தேன். 128 பிட். "12ஜிபி கார்டுல அது 192 டா" என்றான்.

விஷயம் இதுதான். இந்தக் கார்டுகளில் உள்ள ஜிடிடிஆர்6 மெமரி சிப் ஒவ்வொன்றும் 32 பிட் அகலத்தில் ஜிபியுவோடு பேசுகிறது. 12ஜிபி கார்டில் 2ஜிபி சிப் ஆறு, அதனால் 192 பிட். 8ஜிபி கார்டில் நான்கே சிப், அதனால் 128 பிட். இரண்டு சிப்பைப் பிடுங்கினால் கொள்ளளவு மட்டும் குறையாது, அந்த இரண்டு சிப்புக்கான பாதையும் சேர்ந்து போய்விடும். இரண்டிலும் மெமரி வேகம், பாதையின் ஒவ்வொரு பிட்டுக்கும் நொடிக்கு 15 ஜிகாபிட். 192-ஐ 8-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் நொடிக்கு 360 ஜிபி. 128-க்கு அதே கணக்குப் போட்டால் 240. மூன்றில் ஒரு பங்கு பறிபோனது. 6600-க்கும் 128 பிட்தான், 224 ஜிபிதான், ஆனால் அதன் சிப்புக்கு உள்ளேயே 32 எம்பி கேஷ் (வேகமான சின்ன மெமரி) வைத்து ஏஎம்டி ஈடுகட்டியிருக்கிறது. 3060-இல் அவ்வளவு பெரிய கேஷ் கிடையாது. 8ஜிபி போதுமா போதாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தது தப்பான கேள்வி.

அதற்கப்புறம் அந்த பார் சார்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை, 50-இலிருந்து தொடங்கின. சின்ன வித்தியாசம் மலையாகத் தெரிந்தது அதனால்தான். 3060-இன் பட்டைக்குக் கீழே பொடி எழுத்தில் டிஎல்எஸ்எஸ் ஆன் என்று இருந்தது. அதாவது குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டிய எண். 6600 மட்டும் முழு ரெசல்யூஷனில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மூலையில் 2021 என்று ஆண்டு போட்டிருந்தது. 8ஜிபி கார்டு வெளிவந்ததே 2022-இன் கடைசியில்! பிறக்காத கார்டுக்கு எடுத்த மார்க்கைக் காட்டி என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். "நீங்க கேட்டது 3060, நாங்க கொடுத்ததும் 3060. ரெண்டுலயும் 3584 கோர்தான். பெட்டியில 8ஜிபின்னு தெளிவா இருக்கு சார்" என்று பதில். கோர் (கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கை உண்மைதான், அதுதான் எரிச்சல். சாட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே காட்டியபோது, அது தனிப்பட்ட ஊழியரின் கருத்தாம். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்கவும் முடியாதாம்.

இது 3060-இல் மட்டும் நடக்கிற கதை இல்லை. என்விடியாவின் ஜிடி 1030 கார்டில் இரண்டு வகை உண்டு. இரண்டும் 2ஜிபி, இரண்டும் 64 பிட். ஒன்றில் ஜிடிடிஆர்5, நொடிக்கு 48 ஜிபி. மற்றதில் டிடிஆர்4, 17 ஜிபிகூட இல்லை. அங்கே ஜிபியையோ பிட்டையோ பார்த்துப் பயனில்லை, மெமரி வகையைப் பார்க்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060-இல் 6ஜிபி கார்டுக்கு 1280 கோர், 3ஜிபி கார்டுக்கு 1152. பெயர் என்னவோ ஒன்றுதான்.

ஒப்பீட்டைப் பார்க்கும்போது அதில் ஓடிய கார்டின் மெமரி அளவு, வகை, பஸ் விட்த் மூன்றையும் தேடி எடுத்து, நீங்கள் வாங்கப்போகும் மாடலோடு வைத்துப் பாருங்கள். கார்டு வந்த அன்றே ஜிபியு-இசட் ஓட்டுங்கள். என்னைப் போல விண்டோஸை அழித்துவிட்டு அப்புறம் ஓட்டாதீர்கள். பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு இன்னும் அவசியம்: பழைய சிப்பில் பயாஸை (கார்டின் அடையாளத்தைச் சொல்லும் உள் மென்பொருளை) மாற்றிப் புதுப் பெயர் சூட்டிய போலிக் கார்டுகளில் பலவற்றை அந்த மென்பொருள் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டிவிடும்.

கார்டு இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது, வேறு வழி? நேற்று அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பார் சார்ட் அப்படியே இருக்கிறது. கீழே கேள்வி பதில் பகுதியில் யாரோ 12-க்கும் 8-க்கும் வேகம் மாறுமா என்று கேட்டிருந்தார். "மெமரி அளவு மட்டும்தான் சார் வேற." அதன் கீழே பஸ் விட்த் பற்றி இரண்டு வரி எழுதினேன். இன்று காலை பார்த்தால் என் இரண்டு வரியைக் காணவில்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.