எண் அசல், கார்டு போலி

பெங்களூரில் விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டு சேர்க்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். 1,80,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது 1986ஆம் ஆண்டு ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் கார்டு என்று ஆறு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். கையில் இருப்பது கெட்டிக் காகிதத்தில் அடித்த நகல். விற்றவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை விரித்துக்கொண்டுதான் இருக்கிறார். பெயரைப் போட்டால் வழக்கு என் பக்கம் திரும்பும் என்று வக்கீல் சொல்லிவிட்டதால் பெயர் இல்லை. வேலை நடந்த விதத்தை முழுதாகச் சொல்கிறேன்.

அல்சூரில் வளர்ந்தவன் நான். பள்ளி வராந்தாவில் ட்ரம்ப் கார்டு ஆடி, கேபிள் டிவி வந்த புதிதில் சிகாகோ புல்ஸ் ஆட்டம் பார்த்து, கூடைப்பந்து வளையத்தைத் தொட முடியாத உயரத்தோடு நின்றுபோனவன். ஃப்ளீரின் அந்த 132 கார்டு வரிசையில் 57ஆம் எண் ஜோர்டானுடையது. பந்தோடு வளையத்தை நோக்கி எழும்பும் அந்தப் படம் என்றைக்காவது வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும் என்பது இருபது வருட ஆசை. ஆசை இருக்கிற இடம் விற்றவருக்கும் தெரிந்திருந்தது.

சர்ச் தெரு பக்கம் ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். நம் ஊர்க்காரர்தான், நல்ல தமிழ். பையிலிருந்து பஞ்சுத் துணியில் சுற்றிய பெட்டியை எடுத்தார். இந்தத் துறையில் அதை ஸ்லாப் என்பார்கள். அமெரிக்காவின் பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் கார்டைப் பரிசோதித்து, 1 முதல் 10 வரை கிரேடு போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, சீட்டில் ஒரு சான்றிதழ் எண்ணையும் அச்சிட்டு அனுப்பும். நான்கு விஷயம் பார்ப்பார்கள்: மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பது. முன்பக்கத்தில் எதிரெதிர் ஓரங்களின் அகலம் ஏறக்குறைய 55-க்கு 45 என்ற அளவுக்குள் இருந்தால்தான் 10 கிடைக்க வழி உண்டு. 8 என்றால் 65-க்கு 35 வரை விலகினாலும் மன்னிப்பார்கள். என் கார்டில் போட்டிருந்தது 8. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

"அண்ணா, நான் சொல்வதை நம்ப வேண்டாம். எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள்" என்றார்.

போட்டேன். பிஎஸ்ஏ தளத்தில் எண் இருந்தது. ஆண்டு, வீரர், கார்டு எண், கிரேடு எல்லாம் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. கார்டின் படம் மட்டும் அங்கே இல்லை. "பழைய சான்றிதழ், அப்போதெல்லாம் படம் எடுத்து ஏற்ற மாட்டார்கள்" என்றார். பழைய பதிவுகள் பலவற்றுக்குப் படம் கிடையாது என்பது உண்மைதான். படமில்லாத எண்ணாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

விலைக்கு ஒரு கதை வைத்திருந்தார். 2021 ஜனவரி கடைசியில் இதே ஜோர்டான் கார்டு அமெரிக்காவில் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது என்றார். போனது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது கிரேடு 10. 10 வாங்கியவை முந்நூற்றுச் சொச்சம்தான், 8 வாங்கியவை ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. படியில் இரண்டுதான் வித்தியாசம், பணத்தில் மலைக்கும் மடுவுக்கும். அந்த 7,38,000-மே கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து வாங்கிக் குவித்தபோது ஏறிய உச்சம். அடுத்த ஆண்டுக்குள் அதே கிரேடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும், அவ்வளவு பெரிய தொகையைக் காதில் போட்டுவிட்டு 1,80,000 என்றபோது சல்லிசாகத்தான் கேட்டது. அமெரிக்க ஏலங்களில் கிரேடு 8 விற்றுவந்த விலையில் பாதிகூட இல்லை. ஏன் இவ்வளவு குறைவு என்றதற்கு, உறவினர் கையோடு கொண்டுவந்தார், சுங்க வரி இல்லை, ஏலக்காரர்களின் கமிஷனும் இல்லை என்று பதில். யுபிஐயில் ஒரு லட்சம் அன்றைக்கு, மீதி மறுநாள். ரசீது கேட்கவில்லை. கேட்டால் அவர் மனம் நோகுமே என்று பார்த்தேன்! நோகாத மனம் அவருடையது.

ஆறு வாரம் கழித்து, தூக்கம் வராத ஓர் இரவில், அந்த எண்ணை ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகளில் தேடினேன். பெருமைக்காகத்தான், என் கார்டு யார் யார் கையில் இருந்தது என்று பார்க்க. ஒன்றில் அகப்பட்டது. அதே எண், அதே சீட்டு, படம் தெளிவு. அந்தக் கார்டில் இடது ஓரம் வலது ஓரத்தைவிட நன்றாகவே அகலம். 8 கிடைத்ததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். என்னுடையதை எடுத்து ஸ்கேலை வைத்தேன். இரண்டு ஓரமும் கிட்டத்தட்டச் சமம். அசலைவிட என் கார்டு அழகாக இருந்தது. வயிற்றைப் பிசைந்தது அப்போதுதான்.

காட்டன்பேட்டையில் என் மனைவியின் தாய்மாமா ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். மறுநாள் அவரிடம் கொண்டுபோனேன். என்ன, ஏது என்று சொல்லவில்லை. அச்சுத் தட்டைச் சரிபார்க்கும் லூப் என்ற பூதக்கண்ணாடியைப் பிளாஸ்டிக் மேலேயே வைத்து அரை நிமிடம் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது அச்சடித்ததைப் பார்த்து அச்சடித்தது."

அவர் காட்டியதை நானும் பார்த்தேன். புகைப்படம் புள்ளிகளால் ஆனதுதான், அதில் தவறில்லை. ஆனால் பெயர் எழுத்தும் மெல்லிய கோடும் அசலில் தனி மையில் திடமாக விழுந்திருக்க வேண்டும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்க வேண்டும். இதில் எழுத்தின் ஓரம்கூடப் புள்ளியாக உதிர்ந்திருந்தது. படத்தின் மேல் வேறு ஓர் அலை ஓடியது. ஒரு கொசுவலை மேல் இன்னொன்றைப் போர்த்தினால் தெரியுமே, அந்த அலை. ஏற்கெனவே அச்சான படத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் அதுதான் வரும் என்றார். பெட்டியின் ஓரத்தையும் தடவிப் பார்த்து, "இதைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறான்" என்றார்.

வீட்டில் சமாதானம் சொல்ல ஒரு கதையைத் தேடிப் பிடித்தேன். சிகரெட் பாக்கெட்டோடு வந்த ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் கார்டு ஒன்று. பிஎஸ்ஏ 1991இல் முதன்முதலாகக் கிரேடு போட்ட கார்டே அதுதான், அதற்கும் 8தான். 2007இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. 2013இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தானே என்று ஒப்புக்கொண்டார். அசல் பெட்டிக்குள்ளேயே அப்படி என்றால் நான் எம்மாத்திரம் என்றேன். மனைவி, "அங்கே கார்டாவது அசல்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "நீங்கள்தானே சார் சரிபார்த்தீர்கள்?" என்றார். அண்ணா போய் சார் வந்துவிட்டது. அதன்பின் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பணம் அனுப்பிய உடனே அழைத்திருந்தால் கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும், ஆறு வாரத்தில் அது எங்கே இருக்கும்! காவல் நிலையத்தில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, இதற்கா இவ்வளவு என்று கேட்டார். கிரேடு, ஏலம் என்று விளக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள் வாங்கப் போனால், எண் பொருந்துகிறது என்று நிம்மதியாகாதீர்கள். அந்த எண் எந்தக் கார்டுக்குக் கொடுக்கப்பட்டதோ அதன் படத்தைத் தேடுங்கள். ஓரங்களின் அகலத்தையும், மூலையில் இருக்கும் சின்னத் தேய்மானத்தையும் கையில் இருப்பதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் எங்குமே கிடைக்கவில்லை என்றால் அந்தக் கார்டை விட்டுவிடுங்கள், வேறு பிரதி வரும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சில நூறு ரூபாய்தான், நான் இப்போது வாங்கி வைத்திருக்கிறேன். ரசீது தரமாட்டேன் என்பவரிடம் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாமா அந்தக் கார்டைக் கேட்கிறார். அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அந்த அலை எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல மாதிரி கிடைக்காதாம். புகார் முடியும்வரை தர முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.